எனக்குச் சரியாகக் கேட்கவில்லை

அந்த டெலிபோன் சிவப்பு நிறம். மருந்து அலமாரிக்கும் வார்டு வாசலுக்கும் நடுவே ஒரு மர ஸ்டூலின்மேல் இருக்கும். சுருள் வயர் அழுக்கேறிக் கறுத்திருந்தாலும் அதில் குரல் தெளிவாகக் கேட்கும். எதிர்முனையில் பேசுகிறவர் மூச்சு விடுவதுகூடக் காதில் விழும். ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பது என் வேலை. அந்த மருத்துவமனையில் நான்தான் வயதில் இளையவள். போன் மணி அடித்தால் ஓடிப்போய் எடுத்து, டாக்டர் சொல்வதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். மூத்த நர்ஸான பெரிய சிஸ்டர் அதைக் கேட்டு நடப்பார்.

சமயநல்லூர் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த சின்ன மருத்துவமனை அது. பத்துப் படுக்கைகள்தான். இப்போது அந்தக் கட்டடத்தில் டைல்ஸ் கடை இருக்கிறது. நர்சிங் படித்து முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். பருத்தியும் சோளமும் போடுகிற குடும்பத்தில் படித்து வேலைக்குப் போன முதல் பெண் நான். பெரிய சிஸ்டருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோச்சடையில் அக்காவோடு இருந்தார். கோபக்காரர். ஈரப் படுக்கை விரிப்பைப் பார்த்துவிட்டால் வார்டே அதிரும்படி கத்துவார். மதியத்துக்குப் பிறகு பஸ் நிறுத்தத்துக் கடையில் இரண்டு பருப்பு வடை வாங்கிவந்து, ஒன்றை எனக்குத் தந்துவிட்டு, கத்தியதை மறந்ததுபோலப் பேசுவார்.

காலையில் வேலையைத் தொடங்குமுன் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறாரா என்று ஒருநாள் கேட்டேன். "அம்புட்டுப் பெரிய ஜெபமெல்லாம் இல்ல பாப்பா. இன்னைக்கு என் கை தப்புப் பண்ணிரக் கூடாதுன்னு கேக்குறேன், அவ்வளவுதான்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் பக்தியைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

அன்று பகல் மூன்று மணி. காய்ச்சலோடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த பேரையூர் பக்கத்து விவசாயி. நாற்பது வயதுக்குள் இருக்கும். மனைவி அவர் துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நின்றார். டாக்டர் ஊருக்குள் வீட்டில் இருந்தார். போனில் விவரம் சொன்னதும் ஓர் ஊசியின் பெயரைச் சொன்னார். அந்த மருந்தை முழு அளவு போடுவதற்கு முன்னால் முன்கையில் ஒரு துளி ஏற்றி, சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் உயிரையே எடுத்துவிடும்.

"டெஸ்ட் டோஸ் போடவா டாக்டர்னு கேளு" என்றார் பெரிய சிஸ்டர். கேட்டேன். "அதெல்லாம் வேணாம், நேரமாகுது, போடச் சொல்லு" என்றார் டாக்டர். திருப்பிச் சொன்னேன். பெரிய சிஸ்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். "எனக்கு ஒப்பல பாப்பா. இன்னொரு தடவ கேளு." மறுபடி கேட்டேன். போனில் சத்தம் வெடித்தது. "அங்க டாக்டர் நானா, அவளா? சொன்னதைச் செய்யச் சொல்லு." அதையும் அப்படியே திருப்பிச் சொன்னேன். பெரிய சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியைப் போட்டார்.

பத்து நிமிடத்துக்குள் அந்த மனிதரின் முகம் வீங்கியது. மூச்சு இழுத்தது. பெரிய சிஸ்டர் மாற்று மருந்து ஏற்றினார், நெஞ்சை அழுத்தினார், வாயோடு வாய் வைத்து ஊதினார். நான் ஆக்சிஜன் சிலிண்டரின் திருகைத் திறக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தேன். டாக்டர் கார் வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த மனைவி அழவில்லை. கையில் இருந்த துண்டால் கணவரின் வாயோரத்தைத் துடைத்தபடி இருந்தார்.

மறுநாள் காலை போலீஸ் வருவதற்குள் டாக்டரின் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர்தான் நிர்வாகம் பார்ப்பவர். மிரட்டவில்லை. அதுதான் மோசம். "ஒனக்கு மாப்பிள்ளை பாத்திருக்காங்களாமே? கேசு, கோர்ட்டுன்னு பேரு வந்தா எந்த வீட்டுல பொண்ணு எடுப்பாங்க? போன்ல சரியா கேக்கலன்னு சொல்லு, போதும். பொய்யெல்லாம் நீ சொல்ல வேணாம்" என்றார். டெஸ்ட் டோஸ் போடச் சொன்னதாகவும் சிஸ்டர்தான் அலட்சியமாக இருந்துவிட்டதாகவும் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் கேட்டபோது பெரிய சிஸ்டர் எனக்கு நாலடி தள்ளி நின்றார். "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "எனக்குச் சரியா கேக்கல சார்." பெரிய சிஸ்டர் என்னைத் திட்டியிருந்தால், கையைப் பிடித்து உலுக்கியிருந்தால், அன்றைக்கே உடைந்து உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதாவது, என் பொய்க்கும் அவரையே பொறுப்பாக்கிக்கொண்டேன்.

அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் பதிவானது. எனக்குக் கல்யாணம் ஆகி மதுரைக்குள் வேறொரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். வழக்கு விசாரணைக்கு வர எட்டு வருடம் ஆனது. அதுவரை அவர் வேறெங்கும் நர்ஸ் வேலைக்குப் போகவில்லை, தையல் தைக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். கோச்சடைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுவதையே நான் தவிர்த்தேன்.

சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்தது. கோர்ட்டு வராந்தாவில் அவரைப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் பார்த்துவிடுவார் என்று கூட்டத்துக்குள் புகுந்து மறுபக்கம் போனேன். கூண்டில் ஏறியதும் பெரிய சிஸ்டரின் வக்கீல் கேட்டார், டெஸ்ட் டோஸ் வேண்டாம் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னது உண்மையா இல்லையா என்று. காலையில் என் கணவர் சொல்லி அனுப்பியது மனத்தில் ஓடியது. "முன்னாடி என்ன சொன்னியோ அதையே சொல்லு. மாத்திச் சொன்னா ஒன்னையத்தான் பிடிப்பாங்க." எட்டு வருடத்துக்கு முன் சொன்ன அதே நான்கு சொற்களைச் சொல்லிவிட்டு இறங்கினேன். பெரிய சிஸ்டருக்கு ஒரு வருடம் சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீடு செய்ததால் ஜாமீனில் வெளியே இருந்தார்.

அவருக்கு வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது என்ற செய்தி அடுத்த வருடம் வந்தது. அதைச் சொன்னவள் என்னோடு வேலை பார்க்கும் பெண். சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கோச்சடைக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் அவருடைய அக்கா. நான் யாரென்று சொன்னேன். வந்த காரணத்தையும் வாசலிலேயே சொல்லிவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தான் ஒனக்குக் காது கேட்டுச்சா?" உள்ளே இருந்து மெல்லிய குரல் வந்தது. "யாருக்கா? வரச் சொல்லு."

கட்டிலில் அவர் பாதியாகக் கிடந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரின் அண்ணன் பேசியது, மாப்பிள்ளை, பயம், வராந்தாவில் ஒளிந்தது. பிறகு மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"எனக்குத் தெரியும் பாப்பா. டாக்டரு போன்ல கத்துனது நான் நின்ன இடம்வரைக்கும் கேட்டுச்சே. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கு ஒப்பலன்னு தெரிஞ்சும் நான் போட்டேன். 'போட மாட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும், அம்புட்டுத்தான். அந்த மனுசன் உசுரோட வீட்டுக்குப் போயிருப்பாரு. நான் நல்லவ, எனக்கு நியாயம் செய்யும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ண முழங்கால் போடுவேன். வாய் வராது. என்கிட்ட இருக்கிற நல்லதை நம்பி அவருகிட்டப் போனா நான் தொலைஞ்சேன். அவரு நீதியத்தான் நம்பணும். எனக்கு வேற போக்கிடம் கிடையாது."

அவர் தோற்ற வழக்கு அப்போதும் மேல்கோர்ட்டில் கிடந்தது. நாளைக்கே வக்கீலிடம் போய் உண்மையை எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். லேசாகத் தலையசைத்தார். "போ. உனக்காகப் போ. கோர்ட்டுக் காகிதம் செல்லரிச்சுப் போகும் பாப்பா. அவரு நீதிய எந்தப் பூச்சியும் அரிக்காது. அது நெலைச்சு நிக்கும். அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடக்கிறேன்."

என்னை மன்னிப்பீர்களா என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. "நீ இன்னைக்கு வந்து சொன்னதுக்காக மன்னிக்கணுமா? அது எப்பவோ ஆச்சு. லேசுல ஆகல. ரெண்டு வருசம் உன் பேரை ஜெபத்துல எடுக்கவே முடியல. எடுத்தா ஆத்திரம் வந்துச்சு. எனக்கு ஆண்டவரு கணக்குப் பாக்காம குடுத்ததை நான் மட்டும் உனக்கு எப்படிக் கணக்குப் பாத்துக் குடுக்கிறது? நீ வந்தாலும் வராட்டியும் அது உனக்குக் குடுத்தாச்சு." அதற்குப் பிறகு வலி வந்து சுருண்டுவிட்டார். அக்கா என்னை வெளியே போகச் சொன்னார். வாசலில் நின்று சொன்னார், "மூணு தடவ பேரையூருக்குப் போனா, அந்த மனுசன் வீட்டுக்கு. மூணு தடவையும் வாசல்ல நிக்க வச்சுத் திருப்பி அனுப்புனாக."

வக்கீலிடம் எழுதிக் கொடுத்தேன். மேல்முறையீடு எடுக்கப்படும் முன்னால் பெரிய சிஸ்டர் இறந்துபோனார். அவரோடு வழக்கும் முடிந்தது என்றார் வக்கீல். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை யாரும் படிக்கவில்லை. கோர்ட்டின் கணக்கில் அவர் இன்றைக்கும் குற்றவாளிதான். அடக்கத்துக்கு இருபது பேர்கூட வரவில்லை. மண்ணைத் தள்ளும்போது பாஸ்டர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். எனக்கு மண் விழும் சத்தம்தான் கேட்டது.

நான் பேரையூருக்குப் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே கரிசல் காட்டை ஒட்டிய வீடு. அந்த அம்மா பருத்தியைக் குவித்துவைத்து, ஒட்டிக்கொண்டிருந்த சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். போனில் டாக்டர் சொன்னதையும், நான் மறைத்ததையும், பெரிய சிஸ்டர் அக்காவைத் தனியே விட்டு இறந்ததையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. பொறுக்கியபடியே பேசினார்.

"ரெண்டு தடவ வஞ்சு அனுப்புனேன். மூணாவது தடவ வந்தப்ப நல்ல வெயிலு. குடிக்கத் தண்ணி கேட்டுச்சு அந்தம்மா. நான் குடுக்கல. கதவச் சாத்திட்டேன்." ஒரு சருகை விரலால் நசுக்கினார். "நீ அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல தாயி?" கல்லறை எங்கே என்று கேட்டார். சொன்னேன். வருகிறீர்களா என்றேன். "வரல. என் புருசன் போனது போனதுதான். அவுக அக்கா ஒருத்தி இருக்காகன்னு சொன்னீல, அவுககிட்ட மட்டும் சொல்லு. தண்ணி கேட்டு நான் குடுக்கலன்னு நானே சொன்னேன்னு சொல்லு."

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது வார்டில் என் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. போனில் யார் என்ன சொன்னாலும் எழுத்தில் வராமல் என் கை ஊசியைத் தொடாது. அதற்காக இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் இது எதையும் ஈடுகட்டாது என்று தெரியும். ஈடுகட்ட முடியாத இடத்தில்தான் பெரிய சிஸ்டரின் நம்பிக்கை தொடங்கியது என்றும் தெரியும். அந்த நம்பிக்கை எனக்கு வந்துவிட்டதா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. சில நாள் ஜன்னல் பக்கம் நிற்கிறேன். யாரிடம் பேசுகிறேன் என்று தெரியாமல் நிற்கிறேன்.

பேரையூரிலிருந்து திரும்பிய மறுநாளே கோச்சடைக்குப் போய் அந்தத் தண்ணீர்ச் செய்தியைச் சொன்னேன். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் கண் கலங்கவில்லை. "அதையும் அவ அப்பவே விட்டுட்டா. வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லல. எனக்குத்தான் முடியல. உன்னையும் மன்னிக்க முடியல, அந்தம்மாவையும் முடியல." நான் திரும்பி நடந்தேன். தெருமுனை வரை போயிருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏ புள்ள, அடுத்த மாசமும் வா. எனக்கு முடியுதான்னு பாப்போம்."

மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் அவருக்கு முடியவில்லை. இன்னும் வரச் சொல்கிறார்.