இந்தி மாமனார் சொன்னது

அண்ணிக்குச் சீராக வந்த டிவி எங்கள் தெருவின் பொதுச்சொத்தாகிவிட்டிருந்தது. எண்பதுகளின் பின்பாதி அது. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் டிவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இந்தி நகைச்சுவைத் தொடர் ஓடும் அரைமணி நேரம் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனால் மொழி தெரியாதது கருத்துச் சொல்வதற்கு யாருக்கும் ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். ஓய்வுபெற்ற பிறகும் கை அரித்துக்கொண்டே இருந்ததால் தொடருக்கு மதிப்பெண் போடுவார். "போன வாரத்துக்கு இந்த வாரம் வசனம் மட்டம்" என்பார், ஒரு வசனமும் புரியாமலே. பின்வீட்டு அக்காவுக்குக் கதாநாயகியின் புடவைத் தலைப்பில்தான் கண். அப்பா மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மொத்த வியாபாரம், வைத்திருந்தார். மண்டியில் விலையை முடிப்பவர் அவர் என்பதால், கூடத்தில் கருத்தை முடிப்பவரும் அவரே. அண்ணன் எந்தத் தொடரையும் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கத்துவதே அவனுக்குக் கொடுக்கப்பட்ட பங்கு. அண்ணியின் காரியங்களிலும் அவன் அதற்குமேல் வாயைத் திறந்ததில்லை.

மொழிபெயர்ப்பாளர் நான். பி.ஏ. முடித்துவிட்டு மாப்பிள்ளை வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று இந்தி டியூஷனுக்கு அனுப்பப்பட்டு மூன்று பரீட்சை பாஸ் செய்தவள். எங்கள் ஊரில் இந்தி பரீட்சை பாஸ் செய்வதற்கும் இந்தி தெரிவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பசுமாட்டைப் பற்றி இரண்டு பக்கம் மூச்சு விடாமல் எழுதுவேன். பக்கத்தில் நின்று ஒருவர் இந்தியில் மணி கேட்டால் முழிப்பேன். தொடரில் பசுமாடு வரவே இல்லை. அதனால் வாரா வாரம் நானே ஒரு கதை கட்டிச் சொன்னேன். தெரு அதை நம்பியது, அதன்மேல் சண்டையும் போட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்தான் அண்ணி வேலையில் சேரக் கடைசி நாள். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. உத்தரவு வந்து இருபது நாளாகியிருந்தது. காகிதத்தைக் கையில் வாங்கிய அப்பா, "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு யாரும் எதையும் பார்த்ததில்லை. "மண்டிக்காரன் மருமவ தினம் பஸ்ஸு ஏறிப் போனா தெருவுல என்னா பேசுவாங்க?" என்று பின்னால் ஒரு நாள் காரணமும் சொன்னார். அம்மா இறந்தபின் அடுப்படி முழுக்க அண்ணியின் தலையில்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. உத்தரவை மடித்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்கே டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் தொடரில் கதாநாயகி கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். கணவன் அடுப்படிக்குள் போனான். பால் பொங்கி வழிந்தது. டிவிக்குள் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"எங்க போறா?" என்றாள் பின்வீட்டு அக்கா.

"வேலைக்கு," என்றேன். கைப்பையைப் பார்த்ததும் வாயில் வந்ததுதான்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் ஒரு கிழவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார்.

"மாமனாரு என்னா சொல்றாரு?" என்று கேட்டார் அப்பா.

அடுப்படியில் டீ ஆற்றும் சத்தம் நின்றுபோயிற்று. அதுவரை நான் சொன்னதெல்லாம் தெரியாமல் சொன்ன பொய். இதைத் தெரிந்தே சொன்னேன்.

"'எம் மருமவ சம்பாதிக்கிறது எனக்குத்தான் கௌரவம், ஊரு பேசுறதப் பத்தி எனக்குக் கவலையில்ல'ன்னு சொல்றாருப்பா."

தொடர் முடிந்ததும் கருத்தரங்கம் ஆரம்பமாயிற்று. "மாமனார் பாத்திரம் பிரமாதம். அறுபதுக்கு மேலயே போடலாம்," என்றார் தலைமையாசிரியர். நூற்றுக்கு அறுபது என்பது அவரிடம் ஆயுளில் நாலைந்து பேர் வாங்கிய மதிப்பெண். பின்வீட்டு அக்காவுக்கு உடன்பாடில்லை. "அந்தாளுக்கு என்னா, சொல்லிட்டுப் பூடுவாரு. சோறு யாரு ஆக்கறது? பாலு வழிஞ்சிதே, பாத்தீங்களா?" என்றாள். பாலை வழியவிட்டது கணவன்தானே என்று தலைமையாசிரியர் கேட்க, "அதான் நானும் சொல்றேன்" என்றாள். கால்மணி நேரம் ஒரே கருத்தை இருவரும் எதிரெதிராக நின்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் தலைமையாசிரியர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்: "என்ன இருந்தாலும் அது வடக்கத்தி மனசு. அந்தப் பெருந்தன்மை நம்ம பக்கம் எவனுக்கு இருக்கு, சொல்லுங்க?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. அவருடைய டிவி, அவருடைய கூடம், அவர் வீட்டு டீ. இதில் ஒரு இந்திக்காரக் கிழவன் வந்து அவரைவிடப் பெரிய மனிதன் ஆகிவிடுவதா?

"ஏன் சார், இங்க இல்லியா? எம் மருமவளுக்கு விழுப்புரத்துல வேலை. நாளைக்குக் காலைல மொத வண்டி ஏறுது. அந்தாளு டிவியில சொல்றாரு, நான் செஞ்சி காட்றேன்."

தலைமையாசிரியர் கை கொடுத்தார். மாடியிலிருந்து அண்ணன், "இப்ப தெரியுதா?" என்று கத்தினான். தொடர் முடிந்துவிட்டது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் அண்ணியை பஸ் ஏற்றிவிட நான் போனேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு குடும்பத்தையே திருத்திவிட்ட மிதப்பில் நடந்தேன். அண்ணி நன்றி சொல்வாள், நான் பெருந்தன்மையாக மறுப்பேன் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அண்ணி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "பாப்பா, அவ வேலைக்குப் போவல. கடையில புடவைய மாத்திக்கினு வரப் போனா. அந்தக் கெழவரு மாமனாரும் இல்ல. வாடகை கேக்க வந்த வீட்டுக்காரரு."

"உங்களுக்கு இந்தி தெரியுமா அண்ணி?"

"எங்கப்பாவுக்கு நாக்பூர்ல ரயில்வே வேலை. ஏழாவது வரைக்கும் அங்கதான் படிச்சேன்."

பெண் பார்க்கப் போனபோது சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றெல்லாம் கேட்டிருந்தோம். தலைமுடி சவுரி இல்லையே என்று பின்னலை இழுத்துப் பார்த்ததே நான்தான். அதற்குப்பின் இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளிடம் வேறு எதையும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு நடுவில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இவ்ளோ நாளா ஏன் அண்ணி சொல்லல?"

"சொல்லியிருந்தா, டீயும் போட்டுக்கினு கதையும் சொல்லிக்கினு இல்ல இருந்திருக்கணும்?"

விழுப்புரம் பஸ் வந்தது. கூட்டத்தை முழங்கையால் இடித்துத் தள்ளி ஏறிய அண்ணி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். பஸ் நேரு வீதியில் திரும்பும்வரை அவள் பார்க்கவில்லை.