முடிந்துபோன ஊசி

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவரை வீட்டிலும் செக்கர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் கண்ணுக்கு ஓய்வில்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார். அதை யாராவது அழித்து எழுதியிருக்கிறார்களா என்று வெளிச்சத்திலும் பிடித்துப் பார்ப்பார். கண்ணை மூடித் தூங்குகிற பயணியை அவர் நம்பியதே கிடையாது; டிக்கெட் எடுக்காதவர்கள்தான் அப்படி நடிப்பார்கள்.

மனைவிக்கு அறுபத்திரண்டு வயதில் அந்த நோய் வந்தபோது, முதலில் நோயையே சந்தேகப்பட்டார். கையும் காலும் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிக் கிடந்தன.

"ரத்தத்த உறைய வைக்கற சத்த இவங்க உடம்பே எதிரின்னு நெனச்சு அழிக்குது" என்றார் டாக்டர்.

பிறவியில் இல்லாத நோய் இந்த வயதில் எப்படி வரும்? மூன்று டாக்டர்களிடம் கேட்டார். மூவரும் ஒரே பதிலைச் சொன்னதால், பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

சண்டைக்கு நிற்கும் உடம்பை அடக்க மாத்திரை. ரத்தம் உறைய வாரம் ஒரு ஊசி. ஊசி போட்டதும் குப்பியின் லேபிளை உரித்து, தேதி எழுதி, தன் பழைய தோல் பையில் போட்டுக்கொள்வார். நாளைக்கு ஏதாவது ஆனால் சாட்சி வேண்டுமே. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது, ஊசியை நிறுத்தினார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டச் சொல்லி, ஊசி மருந்தின் பெயர் போட்ட ஒரு அட்டையும் கொடுத்தார்கள். கம்பெனி விளம்பரம் என்று அதை அலமாரியில் தூக்கிப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், மனைவி கட்டில் முனையில் இடித்துக்கொண்டார். பத்து மணிக்குள் தொடை வீங்கிப் புடைத்துவிட்டது. வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். படிவத்தில் நோயின் பெயரை எழுதிய செக்கர், 'மருந்துகள்' என்ற இடத்தில் மாத்திரையை மட்டும் எழுதினார். பயணி இறங்கியாகிவிட்டது என்றால் அந்த டிக்கெட் கணக்கில் இல்லை. அவருக்குத் தெரிந்த சட்டம் அது.

நர்ஸ் ஒரு பெட்டியோடு வந்து மருந்தைக் கலக்கத் தொடங்கினார். செக்கர் எழுந்து நின்றார்.

"அந்தப் பெட்டிய இப்படிக் காட்டுங்க."

வேறு பெயர், வேறு நிறம். அவருக்குச் சுருக்கென்றது. நல்ல மருந்தைப் பதுக்கிவிட்டு எதையோ போடப் பார்க்கிறார்கள். தோல் பையைத் திறந்து, லேபிள்களைக் கட்டில் மேல் வரிசையாகப் பரப்பினார்.

"இவளுக்குப் போட்டது இது. நீங்க எதையோ கொண்டாந்திருக்கீங்க. நல்லத எங்க வச்சிருக்கீங்க?"

நர்ஸ் கோபப்படவில்லை. ஒரு லேபிளை எடுத்துப் பார்த்தவர், கையிலிருந்த ஊசியை மெல்லத் தட்டில் வைத்தார்.

"கடைசியா எப்போ போட்டாங்க?"

"மூணு வாரம் ஆச்சு. அதான் முடிஞ்சுபோச்சே."

"போடறதுதாங்க முடிஞ்சுது. மருந்து மாசக்கணக்கா உடம்புல நிக்கும். அதுக்கு மேல இதையும் ஏத்தினா ரத்தம் கண்ட எடத்துல கட்டிக்கும். உயிருக்கே ஆபத்து." நர்ஸ் படிவத்தைப் புரட்டினார். "இதுல ஒண்ணும் இல்லையே. யாரு எழுதினது?"

கட்டிலில் மனைவி கண்ணை மூடிக் கிடந்தார். தூங்கவில்லை என்று அவருக்கா தெரியாது?

"நான்தான்" என்றார்.

டாக்டர் வந்து மருந்தை மாற்றினார். குறைந்த அளவில் வேறொன்று, மணிக்கு மணி ரத்தப் பரிசோதனை. சாயங்காலத்துக்குள் வீக்கம் ஏறுவது நின்றது. செக்கர் லேபிள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். அந்த ஊசியைப் போட ஒரு நிமிடம்தான் பாக்கி இருந்தது. அதைத் தடுத்ததும் ஒரு தப்பான சந்தேகம்தான்.

நர்ஸ் புதுப் படிவம் கொண்டுவந்து நீட்டினார். செக்கர் பேனாவைத் தொடவில்லை. தோல் பையை நர்ஸ் கையில் கொடுத்தார்.

"நீங்க எழுதுங்கம்மா. நான் சொல்றேன். ஆனா நான் சொல்றத நம்பாதீங்க, ஒவ்வொண்ணா பாத்து எழுதுங்க."