டிரெட்மில்லில் என் வீட்டுக்காரர் வாய் திறந்த வெள்ளிக்கிழமை

ஆண்டவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்த நன்மையை எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டார். நன்மை செய்தவர் ஆண்டவர். அதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தவர் என் வீட்டுக்காரர். ஆகவே இரண்டு பேரைப் பற்றியும் எழுதுகிறேன். பிரியமானவர்களே, பொறுமையாக வாசியுங்கள்.

என் பெயர் ஆரோக்கியமேரி. சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காரைக்குடிக்குப் போய்த் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். என் கணவர் சவரிமுத்து விவசாயி. வாய் திறந்து தனக்கென்று எதையும் கேட்காத மனிதர். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். நான் சாப்பிட உட்காரும்போதுதான் எனக்கே தெரியவரும்.

தொண்ணூறுகளின் பின்பாதி. எங்கள் மூத்த மகள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம். தவக்காலம் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை, பதினாலு ஸ்தலங்களில் நின்று செபித்தபடி, கோயிலிலிருந்து கிளம்பிக் கண்மாய்க் கரையோடு கல்லறைத் தோட்டம் வரை போகும். ஆள் உயர மரச்சிலுவையை ஒருவரே சுமப்பார். என் மாமனார் சுமந்தார், அவருக்குப் பின் என் கணவர். அந்த வருடம் பழைய சிலுவையைக் கரையான் அரித்துவிட்டதால், முருகேசன் ஆசாரி வேங்கை மரத்தில் புதிதாகச் செய்துகொண்டிருந்தார். முருகேசன் இந்து. ஆனாலும் எங்கள் கோயில் மரவேலை எல்லாம் அவர்தான் பார்ப்பார்.

ஒரு நாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முருகேசன் காத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீக. அண்ணன் இன்னைக்குச் சிலுவையைத் தோள்ல வச்சு அளவு பார்த்தாக. நாலு எட்டு வச்சதும் தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாக. நெஞ்சை முஷ்டியால அமுக்குறாக. மூஞ்சியெல்லாம் வேர்வை. கேட்டா, ஒண்ணுமில்ல, வீட்டுல சொல்லாதேங்குறாக. எனக்கு மனசு கேக்கல."

என் அப்பாவும் இப்படித்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டே கதிரறுக்கப் போனார். வரப்பிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நெஞ்சு வலிக்குதாமே உங்களுக்கு? எப்ப இருந்து?"

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? வலிக்குதா, இல்லையா?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னார். "தவக்காலம் மேரி. இந்த வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கேன். வெளிய சொல்லிட்டா அது என்ன ஒறுத்தல்? நீயும் யாருகிட்டயும் சொல்லாதே."

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது. "கறி விடுறது ஒறுத்தல். பீடியை விடுறது ஒறுத்தல். நெஞ்சுவலியை விடாமப் புடிச்சு வச்சுக்கிறதை எந்தச் சாமியார் ஒறுத்தல்னு சொன்னாரு?" என்று கத்தினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமாக நான் ஏமாந்துகொண்டே இருக்கிறேன்.

கெஞ்சினேன், பேசாமல் இருந்து பார்த்தேன், மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். எதற்கும் அசையவில்லை. பெரிய வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிலுவையோடு இவர் கண்மாய்க் கரை ஏறினால் இறங்க மாட்டார் என்று என் மனசு சொல்லியது. செபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் விட்டுவிடுவேன். வார்த்தை வராது.

அப்போதுதான் ஆண்டவர் ஒரு வழி திறந்தார். மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருதய ரத்தக்குழாய் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். அதற்காக ஊர் ஊராக வந்து பரிசோதித்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குப் பள்ளியிலும் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். பானுமதி என்று ஒரு டாக்டர். சின்ன வயசு, தன்மையான பேச்சு. அந்த அம்மா எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார்.

"நெஞ்சுவலி யாருக்கு எப்படி வருது, எவ்வளவு தூரம் நடந்தா வருதுன்னு கேட்டுக்கிறோம். அப்புறம் ரத்தக்குழாய்ல அடைப்பு எங்க இருக்கு, எவ்வளவு இருக்குன்னு பார்க்கிறோம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் யாருக்கு மாத்திரையே போதும், யாருக்கு பலூன் வச்சு அடைப்பை விரிக்கணும்னு எங்களுக்குத் தெரியும்."

நாலு பேருக்கு உபயோகமான காரியம் என்றால் என் கணவர் முன்னால் நிற்பார். ஈ.சி.ஜி. எடுக்கச் சட்டையைக் கழற்றிக்கொண்டு படுத்துவிட்டார். தாளைப் பார்த்த டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"ஐயா, சின்ன மாற்றம் தெரியுது. இதை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. நடக்கிறப்ப நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா."

"வலிக்குது டாக்டர்" என்றேன் நான்.

"அவ டீச்சரும்மா. எல்லாத்துலயும் தப்புக் கண்டுபிடிப்பா" என்றார் இவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மதுரைக்கு வாங்க. நடக்க வச்சுப் பார்ப்போம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க ஐயா. மெஷின் பாதிதான் சொல்லும். மீதியை நீங்கதான் சொல்லணும். வலிய மறைச்சீங்கன்னா, உங்களை மாதிரி இருக்கிற இன்னொருத்தருக்கும் நாங்க தப்பான வைத்தியம் பண்ணிருவோம்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை பஸ். வழி முழுக்க இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். தவக்கால வெள்ளி என்பதால் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. "வலிச்சா சொல்லுவீகளா?" என்று கேட்டேன். "ஆகட்டும் பார்ப்போம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆகட்டும் என்றால் ஆகாது என்று அர்த்தம்.

டிரெட்மில் அறையில் மார்பெல்லாம் ஒயர்களை ஒட்டினார்கள். ஓடுகிற பட்டையின் மேல் ஏற்றி நிறுத்தி, "வலி வந்தா உடனே சொல்லணும்" என்று டாக்டர் பானுமதி மறுபடியும் சொன்னார். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. பட்டை ஓடுகிற சத்தமும் இவருடைய காலடிச் சத்தமும் கேட்டன.

முதலில் மெதுவாக ஓடியது. பிறகு வேகம் கூட்டினார்கள். ஏற்றமும் வைத்தார்கள். "வலி இருக்கா ஐயா?" "இல்லம்மா." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வலி?" "இல்லம்மா." குரல் இளைத்தது எனக்குத் தெரிந்தது. அந்த இளைப்பு அவர்களுக்குத் தெரியுமா? நான் அல்லவா அவரோடு குடித்தனம் செய்கிறவள்.

எழுந்து உள்ளே ஓடலாமா என்று பார்த்தேன். ஓடி என்ன சொல்ல? என் வார்த்தையைத்தான் ஏற்கெனவே சிரிப்பாக்கிவிட்டாரே. இனி எனக்கு யாருமில்லை என்று அப்படியே கண்ணை மூடினேன். மனப்பாட செபம் ஒன்றும் வரவில்லை. மாதாவோடு சண்டைதான் போட்டேன்.

'தாயே, கானாவூர்க் கல்யாண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது என்று வாயைத் திறந்து சொன்னது நீங்கள்தானே. நமக்கென்ன என்று பேசாமல் இருந்தீர்களா? இந்த மனுஷனையும் சொல்ல வையுங்கள். எனக்கு வேறு புதுமை ஒன்றும் வேண்டாம். ஒரு வார்த்தை போதும். சொல்ல வையுங்கள், சொல்ல வையுங்கள்.'

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நிறுத்துங்கம்மா. வலிக்குது."

பிரியமானவர்களே, கணவனுக்கு வலிக்கிறது என்று கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பட்டையை நிறுத்தி அவரைப் படுக்க வைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டாக்டர் பானுமதிக்கே வேர்த்திருந்தது. "ஈ.சி.ஜி. கோடு அப்பத்தான் மாற ஆரம்பிச்சுது. அடுத்த கட்டத்துக்கு ஏத்தலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்குமோ. நல்லவேளை சொன்னாரு" என்றார்.

வலி அடங்கியதும் டாக்டர் கேட்கக் கேட்க என் கணவர் சொன்னார். கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது முதலில் வந்தது, வரப்பு ஏறினால் வருகிறது, இடது கைக்கு இறங்குகிறது, தாடை வரைக்கும் இழுக்கிறது என்று எல்லாம் சொன்னார். கூட வாழ்ந்த நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மேரி, மெஷின் மேல நடக்கிறப்ப மனசுக்குள்ள சிலுவைப் பாதை சொல்லிக்கிட்டே நடந்தேன். அஞ்சாம் ஸ்தலம் வந்துச்சு. சிரேனே ஊர்ச் சீமோன் சிலுவைக்குக் கை கொடுக்கிற ஸ்தலம். வருஷா வருஷம் அந்த இடத்துலயும் நான் யாரையும் தொட விடாம ஒத்தையாத்தான் தூக்கிட்டுப் போறேன். ஆண்டவரே சீமோன் தூக்கட்டும்னு விட்டாரே, நீ யாருடா பெரிய இவன்னு யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல கால் போகல."

நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போதே இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னை உடைத்துவிட்டது.

"போன வருஷம் உனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தப்ப, மாதா கெபி முன்னாடி நேந்துக்கிட்டேன். அவளுக்கு இருக்கிற நோவையெல்லாம் எனக்குக் கொடுத்துருன்னு. நீ எந்திரிச்சு நடந்தே. எனக்கு நெஞ்சு நோவு வந்துச்சு. மாதா கேட்டுட்டாகன்னு சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். இப்ப நான் குணமாகிட்டா, அது திரும்ப உனக்கு வந்துருமோ மேரி?"

அடப்பாவி மனுஷா! இதற்காகவா மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தார்! எனக்கு அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ஆஸ்பத்திரியாக இருந்ததால் இரண்டும் செய்யவில்லை.

"என் நோவை உங்க தலையில கட்ட மாதா என்ன சந்தைக்கடையா வச்சிருக்காக? எனக்கு வலிச்சா நான் சொல்லிக்கிறேன். நீங்க இல்லாமப் போனா வர்ற வலிய யாருகிட்ட நேந்து கொடுக்கிறது?" என்றேன். குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். ஒயர் கழற்ற வந்த நர்ஸம்மா ஒன்றும் புரியாமல் நின்றார்.

அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். இருதயத்தின் முன்பக்கமாக இறங்கி வருகிற பெரிய குழாயில், நூல் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. படத்தை எனக்கும் காட்டினார்கள். மாத்திரை மட்டும் போதாது என்று, தொடை வழியாகக் குழாய் செலுத்திப் பலூன் வைத்து அடைப்பை விரித்தார்கள். நான் வெளியே செபமாலை சொன்னேன். இந்தத் தடவை ஒரு மணி கூட விடாமல் முழுக்கச் சொன்னேன். வெளியே வந்தபோது, "பசிக்குது மேரி" என்றார். அதையும் தானாகவே வாய் திறந்து சொன்னார்.

ஆண்டவர் குணமாக்கினாரா, டாக்டர் குணமாக்கினாரா என்று என் பள்ளியில் ஒருவர் கேட்டார். அந்த ஆராய்ச்சிக்காரர்களை எங்கள் ஊருக்கு அனுப்பியதும், அஞ்சாம் ஸ்தலத்தில் இவரைத் தடுத்து நிறுத்தியதும் யார் என்று எனக்குத் தெரியும். பலூன் வைத்த கைகளுக்காகவும் நான் தினமும் செபிக்கிறேன்.

அந்தப் பெரிய வெள்ளியன்று புதுச் சிலுவையை இளைஞர்கள் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். முருகேசன் ஆசாரியும் கூடவே நடந்து வந்தார். இவர் கோயில் வாசலில் நாற்காலியில் இருந்தபடி, "சாய்க்காதீகடா, நேராப் புடிங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் தனியாகச் சுமப்பதில்லை.

ஆராய்ச்சிக்காக இன்னும் அவரை அவ்வப்போது மதுரைக்கு அழைக்கிறார்கள். போன தடவை போய்த் திரும்பும்போது பஸ் நிலையத்தில் நான் பழக்கதோஷத்தில் விறுவிறு என்று முன்னால் நடந்துவிட்டேன். பின்னாலிருந்து, "மேரி, கொஞ்சம் நில்லு. மூச்சு வாங்குது" என்று கூப்பிட்டார். இத்தனை வருட வாழ்க்கையில் தனக்காக நில்லு என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கூட்டம் இடித்துக்கொண்டு போனது. நான் நின்றேன். அவர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் மெதுவாக நடந்தோம்.

இதை வாசிக்கிற சகோதரர்களே, சகோதரிகளே, உங்களில் யாராவது நெஞ்சைத் தடவிக்கொண்டு, தவக்காலம்தானே, ஒப்புக்கொடுத்துவிடலாம் என்று பேசாமல் இருக்கிறீர்களா? தாராளமாக ஒப்புக்கொடுங்கள். நம் ஆண்டவர் வாங்கிக்கொள்வார். ஆனால் முதலில் எழுந்து போய், அடுப்படியில் நிற்கிறவளிடம் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவளும் உங்களுக்காகத்தான் செபித்துக்கொண்டிருக்கிறாள்.