சனி ஞாயிறு அளவு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதரை உடன் வேலை செய்பவர்கள் ஓவர்லோடு என்றுதான் கூப்பிடுவார்கள். எடை கூடினால் லிஃப்ட் மணியடித்து நகர மறுக்குமே, அந்தச் சொல்லையே அவருக்கு வைத்துவிட்டார்கள். நூற்று நான்கு கிலோ. அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் ஒரு நாள், பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைத் திறப்பு வழியாக மேலே ஏறப்போனவர் இடுப்போடு மாட்டிக்கொண்டார். கூட்டாளிதான் கீழிருந்து காலைப் பிடித்து இழுத்து இறக்கினார். அன்று யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

மறுவாரமே மருத்துவமனையில் உணவு ஆலோசகரைப் பார்த்தார். வேலைக்கு வந்து ஓரிரு வருடமே ஆன இளம்பெண். என்ன, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. எழுதியதிலும் பாதியைக் குறைத்துக்கொண்டார். பத்து வாரத்தில் எட்டு கிலோ இறங்கியது, கூடவே பொறுமையும். மகள் தட்டில் உருளைக்கிழங்கை மிச்சம் வைத்ததற்கு வீடே அதிரக் கத்தினார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த வாரம், லிஃப்ட் மோட்டார் அறையில் தனியாக இருந்தபோது, கூட்டாளி வைத்திருந்த ரொட்டிப் பாக்கெட்டை நின்றபடியே முழுசாகத் தின்று தீர்த்தார். திரும்பி வந்த கூட்டாளி வெறும் உறையைப் பார்த்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். அன்றிரவே வீட்டில் மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டார். பள்ளியில் கணக்கு டீச்சரான மனைவி திட்டவில்லை. நாளைக்கு லீவு போடுங்கள், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு மாற்றங்கள் சொன்னார். வார நாள்களில் எழுதியதைக் குறைக்காமல் சாப்பிட வேண்டும். சனியும் ஞாயிறும் எடை கூடவும் குறையவும் செய்யாத அளவுக்கு உயர்த்திச் சாப்பிட வேண்டும். கூடுதலாகப் போவது சோறு, ரொட்டி, கிழங்கு, பழம். எண்ணெயும் இனிப்பும் அல்ல.

தன்னைச் சோதிக்கிறாரோ என்று இவருக்குச் சந்தேகம். மனைவிக்கு வேறு கவலை.

"ரெண்டு நாள் அவிழ்த்துவிட்டா, திங்கக்கிழமை இவரைப் பிடிக்க முடியுமா?"

"அவிழ்த்துவிடலைங்க. இதுவும் அளவுதான், கொஞ்சம் பெரிய அளவு. இதனால எடை வேகமா குறையும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பாதியில விட்டுட்டு ஓடமாட்டார்."

திங்கட்கிழமை எடை கூடத் தெரியும், அது பெரும்பாலும் தண்ணீர்தான், பயப்படாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

முதல் சனிக்கிழமை பரீட்சை எழுத உட்கார்ந்தவர் போலச் சோற்றின் முன் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். மாலையில் மகளோடு பந்து விளையாடினார்.

திங்கட்கிழமை எடை மெஷின் ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டியது. சொல்லியிருந்தும் மனசு கேட்கவில்லை. காலைச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். மனைவி தட்டைத் திரும்ப அவர் முன் நகர்த்தினார்.

"அந்தத் தண்ணி வடிய நாலு நாள் ஆகும். நாலு நாள் கணக்கை ஒரு நாள்ல போடாதீங்க. வியாழக்கிழமை வரைக்கும் அந்த மெஷின் மேல ஏறக்கூடாது."

சொன்னதோடு நில்லாமல் மெஷினைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தபோது, சனிக்கிழமைக்கு முந்தைய எடையைவிட இருநூறு கிராம் குறைவு. ஓவர்லோடு நம்பாமல் இறங்கி மறுபடி ஏறினார்.

அதன்பிறகு எல்லா வாரமும் ஒழுங்காகப் போனது என்று சொல்ல முடியாது. தம்பி கல்யாணத்தின்போது ஒரு சனிக்கிழமை ஏழு நாள் நீண்டது. ஆனால் எட்டாம் நாள் தானாகவே வார நாள் அளவுக்குத் திரும்பினார். முன்பென்றால், எல்லாம் போயிற்று என்று கைகழுவியிருப்பார். ஒரு வருடத்தில் எண்பத்தைந்துக்கு வந்தார். கூரைத் திறப்பில் இப்போது கருவிப் பையோடு ஏறுகிறார். பட்டப்பெயர் மட்டும் குறையவில்லை.

சனி ஞாயிறு சமையல் அவர் கைக்கு வந்துவிட்டது. அளந்து போடப்போனவர் அப்படியே அடுப்படியில் தங்கிவிட்டார். உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்கிறார் மனைவி.