தனகோட்டியின் சந்தேகம்

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, தனகோட்டி இறந்துபோய்விட்டார் என்று கடம்பத்தூர்க்காரர் ஒருவர் சொன்னார். நான் நம்பவில்லை. யார் பார்த்தது, எப்போது என்று குடைந்து கேட்டேன். அந்தப் புத்தி தனகோட்டியிடமிருந்து ஒட்டியதுதான்.

சென்னையில் நாங்கள் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். டீயை மோந்து பார்த்துத்தான் குடிப்பார். தைராய்டு சோதனைக்கு வேண்டிய ரத்தத்தைக் கடம்பத்தூரில் தனக்குத் தெரிந்த ஒரே செம்மறிக் கிடாவிடம் எடுத்து, ஐஸ் வைத்த பிளாஸ்கில் ரயிலில் கொண்டுவருவார். "யாரு ஆடுன்னு தெரியாத ரத்தத்த நான் தொடமாட்டேன்" என்பார்.

அந்த ரத்தச் செல்களின்மேல் தைராய்டுப் புரதத்தைப் பூசி, நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு குழித்தட்டில் விடுவோம். செல்கள் பொட்டாகக் குவிந்தால் ஒன்றுமில்லை. பாய்போல் பரவினால், உடம்பே தன் தைராய்டைத் தாக்குகிறது என்று பொருள். பக்கத்துக் குழியில் புரதம் பூசாத வெறும் செல்லும் போட வேண்டும். அதுவும் பரவினால் முதல் குழியை நம்பக்கூடாது.

என் மனைவி சரோஜாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. சோதனையில் பரவினால் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் அறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நானே சோதனை போட்டேன். பாய்போல் பரவியது. சந்தோஷத்தில் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். தனகோட்டி தட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, வெறும் செல்லு போட்ட குழி எங்க?"

செல் தீர்ந்துவிட்டது என்றேன். அவர் பிளாஸ்கை ஆட்டிப் பார்த்தார். அந்தக் குழியைத் தானே போட்டார். வெறும் செல்லும் பரவியது. சீரத்தைச் சுத்தம் செய்து மறுபடி போட்டார். இரண்டு குழியிலும் பொட்டு; இனி அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

என் வீட்டு நல்ல சேதி அவர் கண்ணை உறுத்துகிறது என்று சந்தேகப்பட்டேன். அறுவை முடியும்வரை அவர் ஏறிய ரயில் பெட்டியில் நான் ஏறவில்லை. எடுத்த கட்டி புற்று. நல்லவேளை தள்ளிப்போடவில்லை என்றார் டாக்டர்.

அன்று பிளாஸ்கில் செல் இருந்தது. பயத்தில் நான்தான் அந்தக் குழியைப் போடாமல் விட்டேன். உலகத்தையே சந்தேகப்பட்டவர், அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேறு யாரிடமும் சொன்னதுமில்லை.

ரயிலை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். "இப்டி அழுவுறதுக்கு அவரு இன்னா சொந்தமா?" என்றாள் சரோஜா. இத்தனை வருஷம் மறைத்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கடம்பத்தூருக்கு என்னோடு புறப்பட்டாள்.

அவர் நினைவாக என்னிடம் ஒரு படம்கூட இல்லை. சரோஜா இருக்கிறாள்.