ஆயுசு மாத்திரை கொண்டு போனவள்

மனுஷனுக்கு மூப்பு வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சியில் என் பங்கு, ஒரு துணிப்பையோடு வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவது. வீட்டில் வயசானவர்களை வைத்துக்கொண்டு மாத்திரை கொடுத்துப் பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. "போட்டுக்கினேன்" என்பார்கள். ரெண்டு நாள் கழித்துத் தலையணையை உதறினால் மாத்திரை உருண்டோடும்.

எனக்கு ஊர் ஆரணி. படிப்பு பத்தாவதோடு சரி. மகன் செய்யாறில் கம்பெனி வேலைக்குப் போகிறான், மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் காலமான பிறகு பகலெல்லாம் வீட்டில் நானும் சாமி விளக்கும்தான் என்று ஆன சமயத்தில், ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து எங்கள் பக்கம் வந்தார்கள். சர்க்கரை வியாதிக்குக் காலம்காலமாகக் கொடுக்கிற ஒரு மாத்திரை, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் முதுமையை மெதுவாக்குமா என்று பார்க்கவேண்டுமாம். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அச்சு அசல் அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொண்டு போகிற எனக்கும் தெரியாது, எங்கள் டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

முதல் நாள் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆயுசு ஆண்டவன் போட்டது, அதில் நாம் கை வைக்கலாமா என்று விளக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னான்: "ஏம்மா, 'நோய் நொடி இல்லாம வை'ன்னு நீ தினமும் சாமியைக் கேக்கறே. அவங்க மிஷின் வச்சுக்கினு கேக்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதான், போயிட்டு வா."

நாற்காலி

முதலில் போன வீடு நெசவுக்கார ஏழுமலை மாமாவுடையது. அவரும் அவர் சம்சாரம் தனபாக்கியம் அக்காவும் ஒரே தறியில் வேலை செய்கிறவர்கள். பட்டுச் சேலைக்குக் கரை வேறு நிறமாக வேண்டுமென்றால் தறியில் ரெண்டு பேர் உட்கார வேண்டும். சேலையின் உடம்புக்கு மாமா நாடா, அதாவது ஊடுநூல் ஓடுகிற கட்டை, வீசுவார். கரைக்கு அக்கா நாடா போடுவார். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கைப்பிடி பலத்தை அளக்கிற கருவியைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னேன். மாமா அமுக்கினதில் முள் ஓடின ஓட்டத்தைப் பார்த்து டாக்டரம்மாவே வாயைப் பிளந்துவிட்டார். அடுத்தது, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் மாமா பயந்து பயந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவே வரவில்லை. காலில் பலமில்லாமல் இல்லை. குழித்தறிக்காரர் அவர், குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டே இருந்துவிட்டு, தரையில் ரெண்டு கையையும் ஊன்றி எம்பித்தான் எழுந்திருப்பார். கையைக் கட்டச் சொன்னதும் காலுக்கு வழி மறந்துவிட்டது. டாக்டரம்மா தயங்கி நிற்க, தனபாக்கியம் அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார்: "அவரு நாற்காலியில குந்தினது எங்க கல்யாணத்தன்னிக்கி ஒருவாட்டிதாம்மா. அன்னிக்கும் நான்தான் கை குடுத்து எழுப்பினேன்."

ரத்தத்தின் வயசு

அவர்களுக்கு அடுத்த வீடு கன்னியப்பனுடையது. அரிசி மில்லில் மூட்டை தூக்கினவர். ஆதாருக்கு வயசு கேட்டபோது, குறைத்துச் சொன்னால் மில்லில் இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்வார்கள் என்று தாராளமாகக் குறைத்துச் சொல்லிவிட்டார். இப்போது முதுகு போய்விட்டது, வேலையும் போய்விட்டது. முதியோர் பென்ஷனுக்குப் போனால், அட்டைப்படி இவர் இன்னும் முதியவரே ஆகவில்லை.

டாக்டரம்மா அவருக்குப் பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, அட்டையில இருக்கிற வயசு ஒண்ணு. உங்க உடம்பு நெஜமா எவ்வளவு தேஞ்சிருக்குன்னு இன்னொரு வயசு இருக்கு. ரத்தத்தை வச்சு அதை ஓரளவுக்குக் கணக்குப் பண்ணலாம்." கன்னியப்பன் உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். "ஜல்தி எடுங்க டாக்டரம்மா. என் ரத்தம் கெழமாயிடிச்சின்னு தாலுக்கா ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

கூழ்

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கக் கூடாது என்று வாரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் அது ஆடி ஞாயிறு. டாக்டரம்மா வெளியூர், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சொன்னேன்.

விடிந்து போனால் தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையாக ஊசிக்குக் கை நீட்டின ஒவ்வொருவரையும் கேட்டேன், "ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" ஒருத்தர் விடாமல் "இல்லை" என்றார்கள். கன்னியப்பன் மீசையில் கூழும் ஒரு முருங்கைக்கீரை இலையும் இருந்தது. தொட்டுக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சாப்பிடக் கூடாதுன்னுதானேம்மா சொன்னே? நான் இன்னா சாப்பாடா சாப்பிட்டேன், ஆத்தா ஊத்தினா, வாங்கிக்கினேன். வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

தறியில் பாதி

மறுவாரம் திரும்ப எடுத்த ரத்தத்தின் முடிவுகள் வந்தன. தனபாக்கியம் அக்காவை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏழுமலை மாமாவை எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது, உடம்பில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடக்கூடும் என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார், வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது என்றார், தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்று சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்.

அக்கா மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி முகம். "உங்களுக்கு உடம்பு நல்லா இருக்குக்கா, சந்தோஷப்படுங்க" என்றேன். அவர் தறியைக் காட்டினார். "ஒரே தறியில ரெண்டு பேரு குந்தியிருக்கோம். ஒருத்தருக்கு மட்டும் ஆயுசைக் குடுத்தா, சேலை எப்பிடி தங்கச்சி முடியும்?"

காலி டப்பா

மாசா மாசம் நான் போய்ப் புது டப்பாவைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருவேன். மற்ற வீடுகளில் டப்பாவுக்குள் மிச்சம் கலகலக்கும். தனபாக்கியம் அக்கா வீட்டில் மட்டும் சுத்தமாகக் காலி. டப்பாவுக்குக் குங்குமம் வைத்து அம்மன் படத்துக்குக் கீழேயே வைத்திருப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கும். மருந்தையும் சாமி மாதிரி மதிக்கிறாரே என்று மற்ற வீடுகளிலும் அவரை உதாரணம் காட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கத்தை விடச் சீக்கிரமே போய்விட்டேன். அக்கா குளித்து, பூ வைத்து, கற்பூரம் காட்டி முடித்திருந்தார். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் தட்டோடு போனார். திருநீறு பூசிவிட்டார். மாமா நீட்டின உள்ளங்கையில் தீர்த்தம் விட்டார். தீர்த்தத்தோடு ஒரு வெள்ளை மாத்திரையையும் வைத்தார். மாமா கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அக்காவைப் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "என்னக்கா இது? மாமாவுக்கு ஆகாதுன்னு சொன்னாங்களே, உயிருக்கே ஆபத்துன்னு சொன்னாங்களே?" அக்கா என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துப் பேசினார். "நல்ல மாத்திரை எப்பிடிக் கெடுதல் பண்ணும்? அம்மன் காலடியில வச்சுத்தானே குடுக்கறேன். அவருக்கு முன்னாடி பூவும் பொட்டுமா நான் போய்ச் சேரணும்னு வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வேண்டிக்கினு வர்றேன். நீ எனக்கு ஆயுசைக் கூட்டறேன்னு வந்து நிக்கிறே. தனியா இருக்கறது எப்பிடின்னு உனக்கா தெரியாது, தங்கச்சி?"

விளக்கு

எனக்குத் தெரியும். அவர் கேட்ட அதே வரத்தைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் விளக்கு முன்னால் நிறுத்தினார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னார். விளக்கின் மேல் பொய்ச் சத்தியம் பண்ணி எனக்குப் பழக்கமில்லை. மெய்ச் சத்தியம் பண்ணினால் மாமாவின் உயிருக்கு யார் பதில் சொல்லுவது? கையை உருவிக்கொண்டேன். தெருமுனைக்கு வந்து டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டேன்.

மத்தியானமே அவர் வந்துவிட்டார். டப்பாவை எடுத்துக்கொண்டார். மாமாவுக்கு ரத்தம் எடுத்தார். மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். முடிவு வருகிற வரைக்கும் அந்த வீட்டில் தறி ஓடவில்லை. கன்னியப்பன் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார், "இன்னாம்மா, அவங்க வீட்டுல சத்தமே காணோம்?" நான் நேராகக் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். நான் கொண்டு போய்க் கொடுத்த டப்பா. மாமாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்பதைத் தவிர வேறு எதையும் அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முடிவு நல்லபடியாக வந்தது. ரத்தத்தில் ஒரு கெடுதலும் இல்லை, சிறுநீரகமும் முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. "உங்க டப்பாவுல இருந்தது வெறும் மாத்திரையா இருக்கலாம். நல்ல காலம்" என்று அவர் சொன்னதும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா கும்பிடவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இத்தினி மாசமா அம்மன் பேரைச் சொல்லி அவருக்கு நான் குடுத்தது வெறும் மாவா?"

தறிக்குழி

அவர் அழ ஆரம்பித்தார். சத்தம் வராத அழுகை. மாமாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "எம்மா, டாக்டரம்மா, உங்க மாத்திரையை ஒண்ணும் சொல்லாதீங்க. அது மாவோ மருந்தோ, எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே தறிக்குள் இறங்கினார். குழியின் மூலையில் ஒரு பழைய சாக்கு கிடந்தது. அதைத் தூக்கினார். கீழே பட்டு நூல் கழிவுக்குள் வெள்ளை வெள்ளையாக அத்தனை மாத்திரையும் கிடந்தது. சிலதில் செவப்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அக்கா தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிவிடுவாராம்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முதலில் வந்தது கோபம்தான். "பிரசாதம்யா அது! காலு படற எடத்துலயா போட்டே?"

"அதுக்குத்தான் இத்தினி நாளா வாயைத் தெறக்கலை" என்றார் மாமா. "கண்ணுல ஒத்திக்கினுதான் போட்டேன். அம்மனுக்கும் சொல்லிட்டேன்."

"உனக்கு ஆகாதுன்னு பயந்துக்கினா துப்பினே?" என்று கேட்டார் அக்கா.

"அதெல்லாம் யாரு நெனச்சா? ஆயுசு மாத்திரைன்னுதானே அவங்க சொன்னாங்க."

"அப்புறம் ஏன்யா?"

மாமா குழிக்குள் நின்றபடியே, அக்கா வழக்கமாக உட்காருகிற பலகையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அம்மன் படத்தைப் பார்த்தேன். "நீ வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை இன்னா வேண்டிக்கிறேன்னு எனக்குத் தெரியாதா? முன்னாடி போறேன்னு அம்மன்கிட்ட சொல்லிட்டு, என்னைப் பின்னாடி நிறுத்தி வைக்க மாத்திரை குடுக்கறே. கரைக்கு நாடா போட ஆளில்லாத தறியில எனக்கு ஆயுசு எதுக்குடி?"

அந்த வீட்டை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள், தறி மறுநாளே ஓடத் தொடங்கிவிட்டது. ஆயுசைக் கூட்டுகிற மாத்திரை ஒரு நாள் வந்தே தீரும் என்கிறார் டாக்டரம்மா, வரட்டும், நல்லதுதான், ஆனால் எங்கள் தெருவுக்கு அதை ஜோடி ஜோடியாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.