மெஷினுக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

ஐயம்பேட்டையைத் தாண்டும்போதுதான் பேன்ட் காய்ந்தது. கோபம் காயவில்லை.

வாலாஜாபாத் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஏறவில்லை. கோபத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்தால் அது நம்மோடு இறங்கும். நடந்தால் கொஞ்சமாவது ரோட்டில் சிந்தும் என்று ஒரு நம்பிக்கை... அன்றைக்கு அதுவும் பொய்த்தது.

நான் விட்டுவிட்டு வந்தது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வாட்டர் சர்வீஸ். தொண்ணூறுகளின் கடைசி. லாரி, வேன், கார் எல்லாவற்றுக்கும் பிரஷர் மெஷினில் தண்ணீர் அடிக்கும் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு நல்ல வேலைதான். நாள் முழுக்க நனைந்தே இருப்போம். கால் விரலிடுக்கு வெந்து போகும். அதெல்லாம் ஒரு கஷ்டமா?

முதலாளி தாமல் ஊர்க்காரர். நிலத்தை விற்று மெஷின் வாங்கியவர். மழைக்காலத்தில் யார் வண்டி கழுவுவார்கள்? மெஷின் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் வந்து, கல்யாண மண்டபங்களில் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். முகூர்த்தம் முடிந்த மறுநாள் போய், அவர்களுடைய குப்பை டிரம்களைக் கழுவிக் கொடுக்க வேண்டும். மெஷினை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம், தண்ணீர் மண்டபத்துத் தொட்டியில்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாரும் செய்யாத தொழில்.

கல்யாண டிரம் எப்படியிருக்கும் தெரியுமா? எச்சில் இலை, சாம்பார் சோறு, திரிந்த பாயசம் — எல்லாம் அடியில் ஒன்றாகப் படிந்து உயிரோடு நெளியும். முதல் டிரம்முக்கு நேராக நின்று அடித்தேன். முந்தின நாள் மோர்க்குழம்பு மொத்தமும் என் முகத்துக்குத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் டிரம்மைப் படுக்கப் போட்டு, பக்கவாட்டில் நின்று அடிக்கப் பழகிக்கொண்டேன். கடைசியில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு சுற்று. குடிதண்ணீரே பிடித்து வைக்கலாம், அவ்வளவு சுத்தம்.

மண்டபங்களுக்குப் பிடித்துவிட்டது. முதலாளிக்கும் பிடித்துவிட்டது. ஹோட்டல்காரர்கள் டிரம்களை எங்கள் இடத்துக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை.

அன்றைக்குக் காலையில் ஒரு பட்டுக்கடைக்காரர் சுமோவைக் கொண்டுவந்தார். எங்கள் பழைய கஸ்டமர். மறுநாள் வாலாஜாபாத்தில் தங்கை மகளுக்குக் கல்யாணம், இவர் தாய்மாமன், வண்டி பளபளவென்று போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். இறங்கியவர் கண்ணில் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த டிரம்கள் பட்டன.

"இன்னாபா இது? குப்பத் தொட்டிக்கு அடிக்கிற மெஷினுதான் என் வண்டிக்குமா?"

முதலாளி பதறிப் போனார். உள்ளே ஓடினார். ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலையால் மெஷின் மேல் தெளித்தார். பைப்புக்குத் தெளித்தார். தண்ணீர் பீய்ச்சும் கைப்பிடிக்குத் தனியாகத் தெளித்து, ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். வெள்ளிக்கிழமை பூஜைக்குக்கூட அந்த மெஷின் இவ்வளவு மரியாதை பார்த்ததில்லை.

பட்டுக்கடைக்காரர் அத்தனையையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என் கையையே உற்றுப் பார்த்துக் கேட்டார்.

"மெஷின் சரிபா. புடிக்கிற ஆளு?"

நான் கைப்பிடியை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டார். "நீ கொஞ்சம் தள்ளி நில்லுபா" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே அடித்தார். அவருக்கு அடிக்கத் தெரியாது. மட்கார்டு சேறு அப்படியே இருந்தது.

டீ வந்தது. எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்.

"நேத்து வரிக்கும் கிளாஸ்லதான குட்சிக்கினு இருந்தேன்?" என்றேன்.

"கோச்சிக்காதபா. கஸ்டமர் பாக்குறாரு."

சரி, கஸ்டமர் போகட்டும் என்று இருந்தேன். சுமோ போனது. சாயங்கால டீ வந்தது. அப்போதும் கப்.

அப்போதுதான் சொன்னேன். "மெஷினுக்குத் தெளிச்ச தண்ணி மிச்சம் இருந்தா, என் தலையிலயும் ரெண்டு சொட்டு ஊத்துண்ணா. நானும் சுத்தமாயிடறேன்."

அவர் சிரித்தார். நான் ஜோக் அடித்தேன் என்று நினைத்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. அப்படியே ஈரத்தோடு நடந்துவிட்டேன்.

அந்த டிரம்மில் இருந்தது யார் வீட்டு எச்சில்? என் வீட்டுதா? தின்றவன் சுத்தம், கொட்டியவன் சுத்தம் — கழுவியவன் மட்டும் அழுக்கா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே, "நீ எந்த ஆளு?" என்று விசாரித்து, பதிலில் திருப்திப்பட்டுத்தான் அவர் கைப்பிடியைக் கொடுத்தார். ஜாதி பிறப்பில் வருகிறது என்கிறார்கள். நாலு தொட்டி கழுவிப் பாருங்கள், புதிதாக ஒன்று கிடைக்கும்! எனக்காவது நடந்து போக ஒரு ரோடு இருந்தது. பிறந்ததிலிருந்தே அந்த பிளாஸ்டிக் கப்பை நீட்டி வைத்திருக்கிறோமே சிலருக்கு... அவர்கள் எந்த ரோட்டில் நடப்பது? அந்தத் திருப்தியான பதிலைச் சொல்லி வேலை வாங்கியவன் நான் என்பதும் நடக்க நடக்கத்தான் உறைத்தது. கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

ராத்திரி வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிந்ததும் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் சமையல் கான்டிராக்டர் நின்று, பரிமாற ஆள் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். நான் வரட்டுமா என்றேன். எந்த ஊர், எந்த ஆள் — எதுவும் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். கழுவினேன். சாம்பார் வாளியைக் கொடுத்தார்.

வாசலில் பூ சுற்றிய சுமோ ஒன்று நின்றது. மட்கார்டில் சேறு.

முதல் பந்தியிலேயே தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். நேற்று என் கையை அவ்வளவு உற்றுப் பார்த்தவர், முகத்தைப் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"இங்க இன்னும் கொஞ்சம் ஊத்துபா."

ஊற்றினேன். ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.